தாய்ப்பால் மருந்தென்றால், அதைக் கொடுக்கும் அவகாசம் யாருக்கு இருக்கிறது?

கர்ப்பிணிகளின் இரத்தச் சர்க்கரையை அளப்பதில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடி. 2007ஆம் ஆண்டிலேயே கர்ப்பிணிகள் அனைவருக்கும் கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனை என்ற முடிவை இம்மாநிலம் எடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து இரத்தம் கொடுப்பது இன்று ஊருக்கும் சேரிக்கும் பொதுவான நடைமுறை. குழந்தை பிறந்த பிறகு அந்தத் தாய்க்கு என்ன நேர்கிறது என்பதில்தான் சமத்துவம் முறிந்துபோகிறது.

பிரசவத்துக்குப் பின் பெரும்பாலான பெண்களுக்குச் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பிவிடும். ஆனால் ஆபத்து அத்துடன் நீங்குவதில்லை. கர்ப்பகால நீரிழிவு வந்தவர்கள் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு, மற்ற தாய்மார்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம் எனப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு 2020இல் காட்டியது. இதைத் தள்ளிப்போடும் எளிய வழிகளுள் ஒன்று தாய்ப்பாலூட்டுவது. பால் சுரக்கும்போது உடல் இரத்தத்திலுள்ள குளுக்கோஸைச் செலவிடுகிறது. இன்சுலினின் சுமை குறைகிறது. தாய்ப்பாலைக் குழந்தையின் உணவாக மட்டுமே பேசிவரும் நாம், தாயின் மருந்தாகவும் அது இருப்பதைப் பேசத் தவறுகிறோம்.

அமெரிக்காவில் கறுப்பின, வெள்ளையினப் பெண்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு மாதமோ அதற்கு மேலோ பாலூட்டியவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து, பாலூட்டாதவர்களைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்தப் பலன் இரு இனப் பெண்களுக்கும் ஒன்றுபோலவே கிடைத்தது. ஆயினும் கறுப்பினப் பெண்களே குறைவாகப் பாலூட்டினர். நீரிழிவுக்கும் அவர்களே அதிகம் ஆளாயினர். உடல் பாகுபாடு காட்டவில்லை; சமூகம் காட்டியது.

இங்கும் நிலைமை வேறல்ல. தமிழ்நாட்டின் நிரந்தர அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு 26 வாரங்கள். இவை போராடிப் பெற்ற உரிமைகள், குறைகூற ஏதுமில்லை. ஆனால் நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கு விடுப்பு என்ற சொல்லே இல்லை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குச் சட்டத்தில் விடுப்பு இருந்தாலும், வேலைக்கு வராத நாள் கூலியில்லாத நாளாகவே கழிகிறது. இவ்விரு வேலைகளிலும் தலித் பெண்களே பெருமளவில் உழைக்கின்றனர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயில் ரொக்கம் 14,000. அதை 26 வாரங்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 77 ரூபாய்கூட வராது. அந்தத் தொகையை நம்பி எந்தத் தாய் ஆறு மாதம் வீட்டிலிருக்க முடியும்? நீரிழிவு கண்ட தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமாவதும் உண்டு. முதல் நாட்களில் செவிலியரின் துணையும் ஓய்வும் அவளுக்கே கூடுதலாகத் தேவை. அவை கிட்டாமல் புட்டிப்பாலுக்கு மாறிய தாயை அறியாமை என்று பழிப்பது, அமைப்பின் குற்றத்தை அவள் தலையில் ஏற்றுவதாகும்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் என்று வாதிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஓய்வு கூலிப் பெண்ணை எட்டவில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. பிரசவமான ஆறாவது வாரத்தில் மீண்டும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டுமென ஒன்றிய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தாய் வருகிறாள். இன்னொரு நாள் கூலியை அவள் இழக்காமல், அன்றே இரண்டையும் முடிக்கலாம். வீடு தேடி நீரிழிவு மாத்திரை கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இத்தாய்மார்களின் பட்டியலையும் ஏந்திச் செல்லலாம். அனைத்துக்கும் மேலாக, உதவித்தொகை குறைந்தபட்சக் கூலிக்கு ஈடாக ஆறு மாதங்களுக்கு உயர்த்தப்பட வேண்டும். எத்தனை தாய்மார்கள் மறுபரிசோதனைக்கு வந்தனர் என்ற கணக்கு சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும்.

பரிசோதனையை எல்லோருக்கும் பொதுவாக்கிய அரசு, ஓய்வையும் பொதுவாக்கட்டும். அதுவரை தாய்ப்பால் வார விழாக்களின் அறிவுரைகள், விடுப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே உரியவையாக இருக்கும்.