புது பேப்பருக்கு எதுக்குக் கணக்கு?

"மால்லாக் என்ன செய்யும்?"னு இன்டர்வியூவில் கேட்டா, "ஹீப்பில் இருந்து மெமரி வாங்கித் தரும் சார்"னு டக்குனு சொல்லிடுவீங்க. சரி, அடுத்த கேள்வி: "பாதியில் ரத்தாகக்கூடிய ஒரு வேலைக்கு நடுவில் மால்லாக்கைக் கூப்பிட்டா என்ன ஆகும்?" இங்கேதான் பலரும் சீலிங் ஃபேனைப் பார்க்க ஆரம்பிப்பாங்க. இந்த வாரம் அதுதான் மேட்டர்.

ரத்தாகும் வேலைன்னா?

நாலு த்ரெட் ஒரே டேட்டாவை மாத்தினா குழப்பம் வரும். அதுக்காக லாக் போடுவோம். ஒண்ணுக்கு மேல லாக் எடுக்கும்போது வரிசை மாறினா டெட்லாக்; போட மறந்தா டேட்டா காலி. இதுக்கு மாற்றா 1993-ல் மாரிஸ் ஹெர்லிஹி, எலியட் மாஸ் ரெண்டு பேரும் 'டிரான்சாக்ஷனல் மெமரி'யை ஹார்டுவேரில் செய்யும் வழியைச் சொன்னாங்க. டேட்டாபேஸ் மாதிரிதான். வேலை முழுசா முடிஞ்சா கமிட். நடுவில் இன்னொரு த்ரெட்டோட மோதினா, எதுவுமே நடக்காத மாதிரி அழிச்சிட்டு மறுபடி முதல்ல இருந்து! 1995-ல் நிர் ஷாவிட், டான் டூயிடூ இதை சாஃப்ட்வேரிலேயே செய்யும் வழியைக் கொடுத்தாங்க.

கேட்க ஜோரா இருக்கு. ஆனா அழிக்கணும்னா, என்ன மாத்தினோம்னு கணக்கு வேணுமே? அதனால் ஒவ்வொரு ரீட், ஒவ்வொரு ரைட்டுக்கும் முன்னாடி ஒரு குட்டி ஃபங்ஷனை காம்பைலர் சொருகும். இதுக்குப் பேர் 'பேரியர்'. ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷனில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு ஃபங்ஷன் கால்! "இது ஏன் இன்னும் ஆராய்ச்சி பொம்மையாகவே இருக்கு?"னு 2008-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் அடங்கிய ஒரு குழு கட்டுரையே எழுதியது. காம்பைலர் தேவையில்லாத இடத்திலும் பேரியர் சொருகுவது அவங்க சொன்ன காரணங்களில் ஒண்ணு.

ப்ராஜெக்ட் ஃபைல் கதை

நாலு பேர் சேர்ந்து ஒரே ப்ராஜெக்ட் ஃபைலை எழுதறீங்கனு வைங்க. ஃபைலில் இருக்கிற பக்கத்தில் ஒரு வரி திருத்தினாலும், பழைய வரியைக் குறிச்சு வைக்கணும். நியாயம். ஆனா நீங்க ஒரு புது ஏ-ஃபோர் பேப்பர் எடுத்து உங்க ரூமில் எழுதினா? இன்னும் ஃபைலில் கோக்கலை, யாரும் பார்க்க முடியாது. வேலை ரத்தானா கசக்கிக் குப்பையில் போட்டா போச்சு. அதுக்கு எதுக்குக் கணக்கு?

டிரான்சாக்ஷனுக்குள்ளே மால்லாக் தரும் மெமரி இந்தப் புது பேப்பர்தான். கமிட் ஆகும் வரை வேற த்ரெட் கண்ணில் படாது. ரத்தானா, ரன்டைம் லைப்ரரியே அதைத் திருப்பிக் கொடுத்துடும். 'ஃப்ரீ' மட்டும் தலைகீழ். பொது ஃபைலில் இருந்து பக்கத்தைக் கிழிச்சுட்டா ஒட்ட வைக்க முடியாது. அதனால் கமிட் ஆகும் வரை ஃப்ரீயைத் தள்ளி வைப்பாங்க.

இப்போ லிங்க்டு லிஸ்ட்டில் முதல் நோடா ஒண்ணைச் சேருங்க. மால்லாக்கில் நோட் வாங்கறீங்க. வேல்யூ எழுதறீங்க. ஹெட்டைப் படிச்சு நெக்ஸ்ட்டில் எழுதறீங்க. கடைசியா ஹெட்டில் புது நோடை எழுதறீங்க. மூணு ரைட், ஒரு ரீட். ஆக, நாலு பேரியர். ஆனா வேல்யூவும் நெக்ஸ்ட்டும் புது பேப்பர். நிஜமா தேவை ஹெட்டைப் படிக்க ஒண்ணு, எழுத ஒண்ணு. நாலு ரெண்டாச்சு! நோடில் பத்து ஃபீல்டு இருந்தா லாபம் இன்னும் கூடும். 2009-ல் இந்த வகை மெமரிக்கு 'கேப்சர்டு மெமரி'னு பேர் வெச்சே ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது.

சிக்கல் எங்கே?

ஒரு பாயின்டர். 'இஃப்' பக்கம் போனா புது நோட், 'எல்ஸ்' பக்கம் போனா லிஸ்ட்டில் ஏற்கெனவே இருக்கிற நோட். ரெண்டும் சேர்ந்த பிறகு அந்த பாயின்டரில் எழுதினா, அது யார் பேப்பர்? காம்பைலருக்குத் தெரியாது. வேற ஃபைலில் இருக்கிற ஃபங்ஷனுக்கு பாயின்டரை அனுப்பினாலும் இதே கதை. சந்தேகம் வந்தா பேரியரை விட்டு வைக்கணும். லேட்டானா திட்டு வாங்கலாம். தப்பா எடுத்துட்டா, ரத்தான வேலையோட மிச்சம் பொது டேட்டாவில் ஒட்டிக்கும். பேங்க் சாஃப்ட்வேரில் அப்படி ஆனா யோசிச்சுப் பாருங்க!

இன்னொரு நுணுக்கம். டிரான்சாக்ஷன் ஆரம்பிக்கும் முன்னாடியே வாங்கி, நீங்க மட்டும் வெச்சிருக்கிற மெமரி பாதி புதுசு. மோதல் பார்க்க வேண்டாம். ஆனா மறுபடி ஓட்டும்போது பழைய மதிப்பு வேணும், அதனால் குறிப்பு அவசியம். 2012-ல் வந்த ஜி.சி.சி. 4.7-ல் டிரான்சாக்ஷனல் மெமரி சோதனை முயற்சியா சேர்ந்தது. அதோட சோர்ஸ் கோடிலும் இந்த ரகங்கள் தனித்தனியா இருக்கு.

உங்களுக்கு என்ன லாபம்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடறவங்க இதை எடுக்கலாம். ஒரே லிஸ்ட் ப்ரோகிராமை ரெண்டு விதமா எழுதுங்க: மால்லாக் டிரான்சாக்ஷனுக்கு உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. அசெம்பிளி அவுட்புட் எடுத்து, எத்தனை பேரியர் கால்னு எண்ணுங்க. அப்புறம் நோடை வாங்கி நிரப்புற வேலையை வேற ஃபைலில் ஒரு ஃபங்ஷனா மாத்தி, திரும்ப எண்ணுங்க.

வாங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே நிரப்பினா காம்பைலருக்குக் கண் தெரியும். அடுத்த தடவை மால்லாக் பத்திக் கேட்டா, "வாங்கித் தரும்"னு நிறுத்தாதீங்க. "அது இப்போ யார் கண்ணில் படும்?"னும் சேர்த்துச் சொல்லுங்க. கேட்டவர் நிமிர்ந்து உட்காருவார்!