அகதியின் தலையில் விழுந்த பழி

திங்கட்கிழமை என்றால் திருவண்ணாமலை வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் நெரியும். பட்டா, முதியோர் உதவித்தொகை, ஏரி ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுப் பாதை என்று ஆளுக்கொரு மனு. கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்தும் யாரும் வந்து வரிசையில் நிற்கலாம், தடையில்லை. ஆனால் இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பெயின்ட் அடித்துப் பிழைக்கும் ஒரு முகாம் இளைஞன், “என்னை இந்த நாட்டுக்காரன் என்று எழுதிக் கொடுங்கள்” என்று மனு எழுதினால், அதைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் அந்த வளாகத்தில் எவருக்கும் இல்லை. அவனுக்கு உள்ளது அகதி அடையாள அட்டை, மாதப் பணக்கொடை, தலை எண்ணும் ‘செக்கிங்’, கியூ பிரிவுப் போலீஸாரின் பதிவேடு.

இவற்றில் பல 1990-களின் தொடக்கத்தில் இறுகியவை. அந்த இறுக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் ஸ்ரீபெரும்புதூர்.

1991 மே 21 இரவு அங்கே நடந்தது கொடிய குற்றம். விடுதலைப் புலிகள் அனுப்பிய பெண் தன் உடலில் கட்டிவந்த குண்டு, முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியை மட்டும் கொல்லவில்லை. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸார் செத்தார்கள். கவிதை சொல்லிக் காட்ட வந்த ஒரு சிறுமியும் அவள் தாயும் செத்தார்கள். ஈழத்தமிழர் பட்ட துயரத்தைக் காட்டி இந்தக் கொலைக்கு நியாயம் கற்பிக்கிறவர்கள் இன்றும் மேடைகளில் இருக்கிறார்கள். அவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் செய்த அட்டூழியங்கள் உண்மை. அதற்கு அந்தச் சிறுமி என்ன செய்தாள்?

இந்தக் கேள்வியைப் புலிகளிடம் கேட்கிறவர்கள், அதையே தமிழ்நாட்டு அரசிடமும் இந்திய அரசிடமும் கேட்டிருக்க வேண்டும். அகதி முகாமில் இருந்தவள் என்ன செய்தாள்?

குண்டு வெடித்த இரவே பழிவாங்கல் தொடங்கிவிட்டது. கொலைக்குச் சம்பந்தமில்லாத தி.மு.க.வினரின் வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் ஊர் ஊராகத் தாக்கப்பட்டன. அது கட்சிக் கும்பல்களின் வேலை. அடுத்து வந்தது அரசின் வேலை. அது கோப்புகளில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, சட்டப்படி நடந்தது. முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை மறுக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை வந்தது. 1992 ஜனவரியில் தொடங்கி மூன்றாண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அங்கே அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. விரும்பித்தான் போகிறார்கள் என்றது அரசு. அந்த விருப்பம் உண்மைதானா என்று பார்ப்பதற்கென்றே ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992-ல் சென்னையில் அலுவலகம் திறக்க நேர்ந்தது. பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டுத் தாயிடம் விருப்பம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இந்த மக்கள் கடல் தாண்டி வந்த கதையும் இதே வகைதான். 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில் புலிகள் கண்ணிவெடி வைத்துப் பதின்மூன்று சிப்பாய்களைக் கொன்றார்கள். அதற்குக் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். கண்ணிவெடி வைத்தவர் எவரும் அந்தச் சிறையில் இல்லை. யாரோ செய்ததற்குத் தாம் அடிபட்டு ஓடிவந்தவர்கள் இவர்கள். எட்டே ஆண்டுகளில் இங்கேயும் யாரோ செய்ததற்குத் தாமே பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆனார்கள். இங்கே உயிரோடு விட்டோம் என்பது பெருமைப்படும் வேறுபாடு அல்ல. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நாம் அம்பைக்கூட நோகவில்லை, பக்கத்தில் நின்ற மரத்தை வெட்டினோம்.

இனி வழக்குக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. காவல் கண்காணிப்பாளர் முன் கொடுக்கும் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கலாம் என்றது அந்தச் சட்டம். போலீஸிடம் சொன்னது நீதிமன்றத்தில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நம் சாட்சியச் சட்டம் காத்துவந்த அரண். ஏன் அப்படி ஓர் அரண் என்பது எந்தக் காவல் நிலையத்தின் பின்னறையையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். தடா அதைத் தகர்த்தது. மேல்முறையீட்டுக்கு உயர்நீதிமன்றமும் கிடையாது, நேரே டெல்லிதான். பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் மூடிய கதவுக்குள் விசாரணை நடந்து, 1998 ஜனவரி 28 அன்று குற்றம்சாட்டப்பட்ட இருபத்தாறு பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பானது. ஒருவர் மிச்சமில்லை.

பதினைந்து மாதங்கள் கழித்து, 1999 மே 11 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த இருபத்தாறில் பத்தொன்பது பேரை விடுவித்தது. அவர்களில் சிலர்மீது நின்றவை கடவுச்சீட்டு போன்ற சில்லறைக் குற்றங்கள். அதற்கான தண்டனைக் காலத்தை அவர்கள் ஏற்கெனவே சிறையில் கழித்திருந்தார்கள். இந்தக் கொலை தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயலே அல்ல என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சட்டம் பொருந்தாது, ஆனால் அந்தச் சட்டத்தின்படி வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்று கொண்டு, நான்கு பேருக்குத் தூக்கையும் மூவருக்கு ஆயுளையும் உறுதி செய்தது. சட்ட நுணுக்கத்தில் இதற்கு விளக்கம் உண்டு. நியாயத்தில் இல்லை.

தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளன் பிடிபட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. எதற்கு என்று தெரியாமல்தான் வாங்கினேன் என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வாக்கியம் விடுபட்டது. ஒருவர் தூக்குக் கயிற்றின் நிழலில் நின்றார். கருணை மனுவைப் பதினோரு ஆண்டுகள் கிடப்பில் போட்டதற்காக 2014-ல் தூக்கு ஆயுளானது. 2018-ல் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகை அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142-வது பிரிவின் கீழ் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறை. அவர் தாய் அற்புதம்மாள் ஏறி இறங்காத வாசல் இல்லை.

அந்த நால்வரில் இன்னொருவரான சாந்தனுக்கு அந்த முடிவும் வாய்க்கவில்லை. 2022 நவம்பரில் விடுதலையான மற்ற ஆறு பேரில் அவரும் ஒருவர். இலங்கைக் குடிமக்கள் என்பதால் அவரையும் இன்னும் மூவரையும் சிறை வாசலிலிருந்து திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் இருக்கும் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று சொன்ன மனிதர், ஓராண்டுக்கும் மேல் பூட்டிய கதவுக்குள் இருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த வயதான தாயைப் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். 2024 பிப்ரவரி 28 அன்று சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். அடுத்த ஐந்து வாரங்களில் மற்ற மூவரும் விமானம் ஏற்றி அனுப்பப்பட்டனர். அந்த விமானத்தை முன்பே ஏற்பாடு செய்ய எது தடுத்தது என்பதற்கு எந்த அமைச்சரும் பதில் சொல்லவில்லை.

ஒரு குற்றத்தைக் காட்டி நியாயத்தை மீறும் இந்தப் பழக்கம் 1991-ல் புதிதாக முளைத்ததல்ல. திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆவதற்கு முன், பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்துத் திருப்பத்தூரில் 1980 ஆகஸ்ட் 6 அன்று, பிடிபட்ட நக்சலைட்டுகளைக் காரில் ஏற்றிச் சென்றபோது குண்டு வெடித்து ஆய்வாளர் பழனிசாமியும் காவலர்களும் இறந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் தப்பினார். இறந்தவருடைய சிறு மகளின் பெயரால் ‘ஆபரேஷன் அஜந்தா’ என்று எம்.ஜி.ஆர். அரசு ஒரு வேட்டையை அறிவித்தது. டி.ஐ.ஜி. வால்டர் தேவாரம் தலைமை தாங்கினார். வட ஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் இளைஞர்கள் அடுத்தடுத்து ‘மோதலில்’ செத்தார்கள். தருமபுரியில் பிடித்துச் செல்லப்பட்ட பாலன் என்பவர் உயிரோடு திரும்பவில்லை. தந்தையைப் பறிகொடுத்த குழந்தையின் கண்ணீர் மெய்யானது. அந்தக் கண்ணீரை வேட்டைக்குப் பெயராக வைத்தது ஆட்சியாளரின் சாமர்த்தியம். நியாயம் கேட்க அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு. அவள் பெயரில் விசாரணையின்றிக் கொல்ல எந்த அரசுக்கும் உரிமை இல்லை. மோதல் சாவு ஒவ்வொன்றுக்கும் வழக்குப் பதிந்து தனி விசாரணை நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விரிவான நெறிமுறை வகுக்க 2014 ஆகிவிட்டது.

நாட்டின் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அதற்கு எது உதவியது என்பதைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர்க் கொலையாளிகளைக் காட்டிக்கொடுத்தது தடா அல்ல. சம்பவ இடத்தில் செத்துக் கிடந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா. அதில் இருந்த படங்களில்தான் குண்டைக் கட்டிக்கொண்டு மாலையோடு நின்ற தணுவும், குர்தா அணிந்து குறிப்பேட்டோடு நின்ற சதித் தலைவன் சிவராசனும் பதிவாகியிருந்தார்கள். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஆகஸ்டிலேயே சிவராசன் ஒளிந்திருந்த பெங்களூரு கோணனகுண்டே வரை போனது. புலனாய்வு என்பது அதுதான். அடித்து வாங்கும் வாக்குமூலமும், பள்ளிக் கதவைச் சாத்துவதும் எந்தக் குண்டையும் கண்டுபிடிக்கவில்லை. உடலில் கட்டும் அந்த வெடிகுண்டைச் செய்தவர் யார் என்பது உட்பட, சதியின் பின்னணியை அறிய 1998-ல் ஏற்படுத்திய பல்நோக்குக் கண்காணிப்பு முகமை, இருபது ஆண்டுகளுக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

தடா 1995-ல் காலாவதியானது. நாடு முழுதும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அதில் பிடித்திருந்தார்கள். தண்டனை பெற்றவர்கள் சொற்பம். பிறகு பொடா வந்தது. திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக வைகோ பத்தொன்பது மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். அந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற ஆதரவு தந்த கட்சி அவருடையது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்று யு.ஏ.பி.ஏ. இருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, கை நடுக்கத்தால் குடிக்க உறிஞ்சு குழல் கேட்ட எண்பத்து நான்கு வயதுக்காரர், 2021 ஜூலையில் ஜாமீன் கிடைக்காமலே இறந்தார். 2025 ஏப்ரலில் பஹல்காமில் இருபத்தாறு பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றபோதும் இதே கதைதான். சந்தேகத்துக்கு உரியவர்களின் குடும்ப வீடுகள் காஷ்மீரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வேறு மாநிலங்களில் படித்துக்கொண்டிருந்த காஷ்மீர் மாணவர்கள் மிரட்டப்பட்டனர். தண்டனையாக வீட்டை இடிப்பது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் ஐந்து மாதங்களுக்கு முன்புதான் சொல்லியிருந்தது.

தமிழ்நாட்டில் இதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் எல்லாக் கொடிகளின் கீழும் இருக்கிறார்கள். சிறப்பு முகாம்கள் தி.மு.க. ஆட்சியில் தொடங்கின. அகதிக் குழந்தையின் பள்ளிச் சேர்க்கையை மறுத்தது அ.தி.மு.க. ஆட்சி. திருப்பி அனுப்பியதில் காங்கிரஸ் அரசுக்குப் பங்கு உண்டு. 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கைத் தமிழரை வெளியே நிறுத்தியது பா.ஜ.க. அரசு. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிப் புது வீடு கட்டித் தந்ததையும், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குக் குடியேற்றச் சட்டத்தின் தண்டனையிலிருந்து 2025-ல் ஒன்றிய அரசு விலக்கு தந்ததையும் வரவேற்கிறோம். அவை நிவாரணம். உரிமை ஆகா.

உலகத்து அகதிகளை எல்லாம் தாங்க இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று வாய்மொழியாகச் சொன்னது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி முன்பின் தெரியாத லட்சம் பேருக்குச் சோறு போடும் இந்த ஊரிலிருந்து அதற்கு ஒரு பதில் உண்டு. யாரும் சத்திரம் கேட்கவில்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்ற சட்டத்தைக் காட்டி உயர்நீதிமன்றத்தில் வாதாடி, 2024-ல் முதல்முறையாக வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை. தாங்கள் செய்யாத குற்றத்தின் நிழல் தங்கள் பிள்ளைகள்மேல் விழக்கூடாது என்பதுதான் அவர்கள் கேட்பது.

திருச்சி சிறப்பு முகாமைத் தமிழக அரசு மூட வேண்டும். தண்டனை முடிந்தவரையும் விடுதலையானவரையும் அடைத்துவைக்க அதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்தியாவில் பிறந்த முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தரும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர்கள் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவரட்டும். 1991-க்குப் பின் அகதிகளுக்கு இழைத்தது அநீதி என்று சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். பேரறிவாளன் உள்ளிட்ட மூவரின் தூக்கைக் குறைக்கக் கோரி 2011-ல் தீர்மானம் போட்ட அவைக்கு இது கடினமான வேலை அல்ல.