வருஷத்துக்கு 52 ஞாயிறு. அதுல எத்தனை உங்க காருக்கு?



"கார் வேலையை நாமளே வீட்டுல பார்த்துக்கிட்டா எவ்வளவு மிச்சம் ஆகும்?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. மெக்கானிக் கூலியை மட்டும் பார்த்தா மிச்சம்தான். ஆனா ஒரு ஆடிட்டரா நான் கணக்குல இன்னொரு வரியையும் சேர்ப்பேன். அந்த நேரத்துல நீங்க வேற என்ன செஞ்சிருப்பீங்க?

இது எல்லாருக்குமான கேள்வி இல்ல. வாரம் ஆறு நாள் துறைமுகத்துலயோ கம்பெனியிலயோ வேலை பார்த்துட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க, குறும்படத்துக்கு ஸ்க்ரிப்ட் எழுதறவங்க, கானா பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க, உங்களுக்கான பதிவு இது. வடசென்னையில இப்படி நிறைய பேர் இருக்கீங்க. கேமரா, லைட் தூக்கிட்டுப் போக ஒரு பழைய கார் வேணும். அந்தக் காரே உங்க ஞாயிறைச் சாப்பிட்டுடுது.

காட்டுப்பள்ளி பக்கம் இருக்கறவங்களுக்கு இது இன்னும் மோசம். ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். உப்புக்காத்துல பேட்டரி டெர்மினல், பிரேக் டிஸ்க், சைலன்சர், ஏசி கண்டென்சர் எல்லாம் சீக்கிரம் அரிக்கும். அனல் மின் நிலையங்களோட சாம்பலும் நிலக்கரித் தூசியும் ஏர் ஃபில்டரை அடைக்கும். கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டுப் பள்ளம் சஸ்பென்ஷனைப் பதம் பார்க்கும். இந்த மாசம் ஒண்ணைச் சரி பண்ணினா அடுத்த மாசம் இன்னொண்ணு நிக்கும். ஒரு பழைய ஸ்பேர் தேடிப் புதுப்பேட்டை வரைக்கும் போனா, லாரி வரிசையைத் தாண்டித் திரும்பி வர்றதுக்குள்ள பாதி நாள் காலி.

இப்போ கணக்குக்கு வருவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

வருஷத்துல 20 ஞாயிறு கார் வேலை. ஒரு தடவைக்கு ₹800 கூலி மிச்சம்னா, மொத்தம் ₹16,000. ஜாக்கி, ஸ்பேனர் செட், ஸ்கேனர்னு ₹6,000 போட்டிருப்பீங்க. நிகர மிச்சம் ₹10,000. அதாவது ஒரு ஞாயிறுக்கு ₹500.

ஒரு கல்யாண வீடியோவை மூணு ஞாயிறுல முடிச்சு ₹9,000 வாங்கறீங்கன்னு வைங்க. ஒரு ஞாயிறுக்கு ₹3,000. மெக்கானிக்கிட்ட வண்டியை விட்டு எடுக்கவும் நேரம் ஆகும், அதுக்கு 5 ஞாயிறைக் கழிச்சிடுவோம். மீதி 15 ஞாயிறுல 5 வீடியோ, ₹45,000. முன்னாடி சொன்ன ₹10,000 மிச்சத்தை விட்டுட்டாலும் ₹35,000 கூடுதல்.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. ஆர்டர் கையில இருக்கணும், நீங்களும் நிஜமா உட்கார்ந்து எடிட் பண்ணணும். "என் நேரம் மணிக்கு ஆயிரம் ரூபா"ன்னு சொல்லிட்டு மொபைல் பார்த்துக்கிட்டு இருந்தா, அந்த ஆயிரம் எந்த பேங்க்லயும் கிரெடிட் ஆகாது. அப்படின்னா தாராளமா ஸ்பேனரை எடுங்க. கார் வேலையே உங்களுக்குச் சந்தோஷம்னாலும் சரி. அதைப் பொழுதுபோக்குன்னு எழுதுங்க, சேமிப்புன்னு எழுதாதீங்க.

காசு வராத படைப்பு வேலைக்கு என்ன கணக்கு? பாதியில நிக்கிற ஸ்க்ரிப்டுக்கு ரூபாய்ல விலை போட முடியாது. அங்க ஞாயிறுகளையே எண்ணுங்க. இன்னொண்ணு, இந்த மாதிரி வேலைக்கு உடையாத நேரம் வேணும். பால் கிரஹாம் 2009ல எழுதின ஒரு கட்டுரையில, நடுவுல வர்ற ஒரே ஒரு மீட்டிங் ஒரு முழு மதியத்தையே கெடுத்துடும்னு சொல்றார். ரெண்டு மணி நேர பிரேக் வேலையும் அப்படித்தான். கையில கிரீஸ், மனசுல கழண்டு வராத போல்ட். அப்புறம் எங்க வசனம் வரும்?

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். போல்ட் டைட் ஆச்சா இல்லையான்னு உடனே தெரியும். ஸ்க்ரிப்ட் நல்லா வந்திருக்கான்னு யாரும் உடனே சொல்ல மாட்டாங்க. அதனால எழுத வேண்டிய நாள்ல காருக்கு அடியில போய்ப் படுத்துக்கறது சுலபம். உழைச்ச திருப்தியும் கிடைச்சுடும். உங்க கார் வேலை அந்த வகையான்னு நீங்கதான் பார்த்துக்கணும்.

நான் சொல்ற வழி இதுதான்:

1. அரை மணி நேரத்துக்குள்ள முடியறதை மட்டும் வீட்டுல பாருங்க. டயர் காத்து, வைப்பர் பிளேடு, ஏர் ஃபில்டர், பேட்டரி டெர்மினல் துடைக்கறது, அடிப்பாகத்தை நல்ல தண்ணியில கழுவறது. உப்புக்காத்து ஊர்ல கடைசி ரெண்டும் முக்கியம். பிரேக், சஸ்பென்ஷன், ஏசி கேஸ், ஏர்பேக் பக்கம் போகாதீங்க. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில எப்பவும் போகாதீங்க.

2. மாசம் ₹1,500 மாதிரி ஒரு தொகையை ஆர்.டி.யில போடுங்க. திடீர்ச் செலவுங்கற பயம்தான் நிறைய பேரை ஸ்பேனர் தூக்க வைக்குது.

3. மெக்கானிக்கிட்ட பில் வாங்குங்க. எடிட்டிங் வருமானத்துக்கு முறையா கணக்குப் புத்தகம் வெச்சா, தொழிலுக்கு கார் ஓடின பங்குக்கு ரிப்பேர் செலவைக் கழிக்கலாம். உத்தேச வரி முறையில போறவங்களுக்கு இது தனியா கிடைக்காது. உங்க சொந்த உழைப்பை மட்டும் எந்த முறையிலயும் செலவா காட்ட முடியாது.

4. வெள்ளத்துல வண்டி நின்னா ஸ்டார்ட் பண்ணாதீங்க, நீங்களே பிரிக்கவும் பிரிக்காதீங்க. மிக்ஜாம் புயல் மாதிரி நேரத்துல இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கறதுக்கு முன்னாடி பிரிச்சா கிளெய்ம்ல சிக்கல் வரலாம். என்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கான்னு பாலிசியை இன்னிக்கே பாருங்க.

கடைசியா ஒரு வேலை. போன மூணு மாசக் காலண்டரை எடுங்க. கார் வேலைக்குப் போன ஞாயிறை எல்லாம் வட்டம் போடுங்க. நாலுக்கு மேல இருந்தா, அடுத்த தடவை வண்டியை மெக்கானிக்கிட்ட விட்டுட்டு, அந்த ஸ்க்ரிப்டைத் திறங்க.