லீவு காசு வந்தாச்சு. யூனிவர்சிட்டியில் யார் கைக்கு?

கொடும்பாளூர்:-

அரசு ஊழியர்கள் லீவை "சரண்டர்" செய்து காசு வாங்கும் சலுகை 5½ வருடம் கழித்து, 2025 அக்டோபர் 1-ந்தேதி திரும்ப வந்தது. ஆனால் பல்கலைக்கழகம், காலேஜ் என்று வந்தால் அந்தக் காசு எல்லோர் கைக்கும் எட்டுவதில்லை. இதுபற்றிய விவரம் வருமாறு:-

கொடும்பாளூரில் பஸ் ஏறி திருச்சிப் பக்கம் யூனிவர்சிட்டி வேலைக்குப் போகிற ஒரு கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தர வேலை. ஜனவரி 1-ந்தேதி 15 நாள், ஜூலை 1-ந்தேதி 15 நாள் என்று அவர் கணக்கில் ஈட்டிய விடுப்பு ஏறும். அதில் வருடம் 15 நாளை திருப்பிக் கொடுத்தால் அரை மாதச் சம்பளம் கையில் வரும். பஞ்சப்படியும் சேர்த்து 40 ஆயிரம் வாங்குகிறவருக்கு 20 ஆயிரம். பிள்ளைக்கு பீஸ் கட்ட, நகையை மீட்க அதுதான் கை கொடுக்கும்.

கொரோனா நேரத்தில், 2020 ஏப்ரல் 27-ந்தேதி இதை நிறுத்தினார்கள். பல்கலைக்கழகங்களையும் சேர்த்துத்தான் தடை. "ஒரு வருடம்தான்" என்றார்கள். அது நீண்டுகொண்டே போனது.

240 நாள் கணக்கு

"லீவு எங்கே போகுது, கணக்கில்தானே இருக்கு" என்று சிலர் கேட்கலாம். பாதிதான் சரி. சேர்த்து வைக்க உச்சவரம்பு 240 நாள். ரிடையர் ஆகும்போது அதற்கு காசு உண்டு. அதில் கை வைக்கவில்லை. ஆனால் ஏற்கனவே 240 நாள் நிரம்பிய சீனியர்கள் என்ன செய்வார்கள்? மேலே ஏறுகிற லீவை எடுக்கவும் முடியாமல், விற்கவும் முடியாமல் விட்டதுதான் மிச்சம். அடி பலமாக விழுந்தது அவர்களுக்குத்தான்.

2025 மார்ச் பட்ஜெட்டில், 2026 ஏப்ரல் முதல் திரும்பத் தருவதாக அறிவித்தார்கள். முணுமுணுப்பு கிளம்பியது. அடுத்த மாதமே சட்டசபையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தேதியை 6 மாதம் முன்னால் இழுத்தார். 8 லட்சம் பேருக்குப் பலன். வருடம் 3 ஆயிரத்து 561 கோடி ரூபாய் செலவு என்பது அரசு சொன்ன கணக்கு.

பெட்டியில் பணம் இருக்கா?

அரசு ஆபீஸ் ஊழியருக்கு கஜானா கொடுத்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு கல்லாப்பெட்டி தனி. அரசு மானியம், பரீட்சை பீஸ் என்று வருகிற காசில்தான் எல்லாம் நடக்கணும். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் மாதச் சம்பளமே தள்ளிப்போய், 2024-ல் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே வருடம் பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேங்க் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. சம்பளத்துக்கே இழுபறி என்றால் சரண்டர் காசு எந்த மூலைக்கு?

மே மாதம் பூஜ்யம்

நிரந்தரப் பேராசிரியர்களுக்கு கோடை விடுமுறைக்கும் முழுச் சம்பளம் உண்டு. விடுமுறையில் வேலைக்குக் கூப்பிட்டால், அந்த நாட்களில் மூன்றில் ஒரு பங்கு லீவாகச் சேரும். இது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி.

அதே வகுப்பறையில் அதே பாடம் நடத்தும் கவுரவ விரிவுரையாளருக்கு? அரசு கலைக் கல்லூரிகளில் இவர்கள் 7 ஆயிரம் பேருக்கு மேல். 2024-ல் சம்பளத்தை 25 ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் காலேஜ் பூட்டு, சம்பளமும் பூட்டு! வருடத்துக்கு 2 லட்சத்து 75 ஆயிரம். 12 மாதத்துக்குப் பிரித்தால் 23 ஆயிரம்கூட தேறாது. ஆனால் வீட்டு வாடகை, மளிகைக்கடை பாக்கிக்கு 12 மாதம்தான். சரண்டர் செய்ய இவர்கள் கையில் லீவும் இல்லை.

மானியக் குழு 2019 ஜனவரியிலேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50 ஆயிரம் வரை தரலாம் என்று சொல்லியிருந்தது. 25 ஆயிரம் அதில் சரிபாதி.

கொடும்பாளூர் மூவர் கோவிலில் மூன்றில் இரண்டுதான் இன்று நிற்கிறது. மூன்றாவது வெறும் அடித்தளம். லீவு கணக்கிலும் பேராசிரியர், ஆபீஸ் ஊழியர் இரண்டு பேருக்கும் சுவர் இருக்கிறது. கவுரவ விரிவுரையாளர்கள் கேட்பது அந்த ஒரு மே மாதச் சம்பளம். அதற்கு ஆகும் செலவு 7 ஆயிரம் பேருக்கு 17½ கோடி ரூபாய். சரண்டருக்கு அரசு சொன்ன 3 ஆயிரத்து 561 கோடியில் இது அரை சதவீதம்கூட வராது.