தண்ணீரிலும் ஓடும் பழைய வண்டி வாங்கலாமா?

தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வரும் குடும்பங்கள் தேக்காவில் துணிமணி வாங்கி, சிராங்கூன் சாலைக் கோயில்களைக் கும்பிட்டு முடித்ததும், "மெரினா பக்கம் போகலாம்" என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். சாலையில் ஓடிவந்து, அப்படியே நீரில் இறங்கி மிதக்கும் சுற்றுலா வண்டிகளுக்குப் பேர்போன இடம் அல்லவா! வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்க ராணுவ வண்டிகளுக்கு இருக்கை போட்டு, வர்ணம் பூசி அங்கே ஓட்டினார்கள்.

அதைப் பார்த்துவிட்டு, "நாமும் நாலு பேர் சேர்ந்து பழைய வண்டி ஒன்று வாங்கினால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. கனடாவில் 1967 முதல் செய்யப்படும் 'ஆர்கோ' போன்ற ஆறு சக்கர, எட்டுச் சக்கரச் சிறு வண்டிகளும் இருக்கின்றன. சேறு, ஓடை எல்லாவற்றிலும் போகும். ஆசை நியாயமானதுதான். ஆனால் பழைய கார் கெட்டால் நடுவழியில் நிற்கும். இது கெட்டால் மூழ்கும்!

1999 மே 1-ம் தேதி அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், 1944-ல் செய்த இத்தகைய வண்டி ஒன்று ஏரியில் மூழ்கியது. ஏறியிருந்த 21 பேரில் 13 பேர் மாண்டனர். காரணம் என்ன தெரியுமா? சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் உறையை இறுக்கும் சிறு வளையம் சரியாக இறுக்கப்படவில்லை. மேலே போட்டிருந்த கூரையும் பலரைத் தப்பவிடாமல் தடுத்துவிட்டது.

ஆகவே, பளபளக்கும் வர்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கீழே குனிந்து இவற்றைப் பாருங்கள்:

1. வண்டியின் அடிப்பாகம். வெடிப்பு, ஒட்டு, புதுப் பூச்சு இருக்கிறதா? அடிமூடிகளை இறுக்கி, உள்ளே சில வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே சொட்டும் இடம்தான் நாளை தண்ணீர் உள்ளே வரும் இடம்.

2. ரப்பர் உறைகள். விரலால் மடக்கிப் பாருங்கள்; வெடித்திருந்தால் மாற்றவேண்டும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் கண்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

3. கியர் எண்ணெய். 'தே தாரேக்' நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்.

4. தண்ணீர் இறைக்கும் பம்பு. போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. உப்புத் தண்ணீர். கடலில் ஓடிய வண்டியா என்று கேளுங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் குழியும் தெரிந்தால் உப்பு அரித்திருக்கிறது.

6. கூரை. ஆபத்தில் எல்லாரும் உடனே வெளியே குதிக்க முடியுமா?

பிறகு ஓட்டிப் பாருங்கள். முதலில் நிலத்தில், அப்புறம் முழங்கால் ஆழத் தண்ணீரில், கயிறு கட்டி, மிதவைச் சட்டை போட்டு. கால் மணி நேரம் மிதக்கவிட்டு உள்ளே ஊறிய தண்ணீரை அளந்து பாருங்கள். பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது வண்டிக்கும் பொருந்தும். 1945 செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் இறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் வண்டிகளே இளகிய மணலில் புதைந்து நின்றன!

கடைசியாகப் பத்திரங்கள். சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்ட, 1990-ல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அது பத்தாண்டுக்குத்தான் செல்லும். நீரில் இறக்கத் தனி அனுமதி வேண்டும். மலேசியாவில் இருப்பவர்கள் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். "பிறகு எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பால்வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த வெள்ளி அது. வண்டியின் விலையோடு, ரப்பர் உறைக்கும் பேரிங்குக்கும் பம்புக்கும் ஆகும் செலவையும் கூட்டிப் பாருங்கள். கட்டுப்படியாகாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.