விருந்தினராய்ச் செல்வோம்: பார்சலோனா

கோடை விடுமுறை நெருங்கும்போது எம்மவர் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, ‘இம்முறை எங்கே?’ என்பதாகும். ஒரு காலத்தில் விடுமுறை என்றால் இலண்டனிலோ சுவிசிலோ உள்ள உறவினர் வீடு என்பதே வழக்கமாயிருந்தது. இன்று பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் கடலைக் கேட்கிறார்கள். பாரிசில் வாழும் எமக்கு அக்கடலைத் தரவல்ல நகரங்களுள் பார்சலோனா தலையாயது. அங்கு செல்ல எண்ணும் வாசகர்களுக்காகச் சில குறிப்புகளை இவ்வாரம் எழுதுகிறோம்.

பாரிசின் லியோன் நிலையத்திலிருந்து விரைவுத் தொடருந்தில் ஏறினால் ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் பார்சலோனாவின் சாண்ட்ஸ் நிலையத்தை அடையலாம். எல்லையை அண்டிய பகுதியில் பொலிசார் ஏறிப் பத்திரங்களைப் பரிசோதிப்பதுண்டு. அகதி நிலை பெற்றோர் தமது பயணப் பத்திரத்தையும் வதிவிட அட்டையையும் ஒருசேர எடுத்துச் செல்லுதல் வேண்டும். இரண்டும் காலாவதியாகாதவையா என்பதை ரிக்கற் வாங்குமுன் பார்த்துக்கொள்க. தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதோர், கையிலுள்ள தற்காலிகப் பத்திரத்தை நம்பி எல்லை கடத்தல் ஆகாது. ஒரு வாரக் கடற்குளிப்புக்காகப் பல்லாண்டுக் காத்திருப்பைப் பணயம் வைக்கலாமா?

அத்தொடருந்து பேர்ப்பிஞான் நகரைத் தாண்டிப் பிரெனே மலையைக் குடைந்து செல்கையில், பிள்ளைகளுக்கு ஒரு செய்தியைச் சொல்லுங்கள். 1939ஆம் ஆண்டு சனவரி 26இல் பார்சலோனா பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் கடுங்குளிரில் இம்மலைகளைக் கடந்து பிரான்சுக்குள் அகதிகளாய் நுழைந்தனர். அவர்களுட் பலர் ஆர்ஜெலேஸ் கடற்கரையின் வெறும் மணலில், முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். நாம் இன்று உல்லாசமாய்ச் செல்லும் பாதை, அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு எதிர்த்திசையில் நடந்த பாதையாகும்.

இனி நகருக்கு வருவோம். நான்கு கிலோமீற்றருக்கு மேல் நீளும் இன்றைய கடற்கரைகளின் பெரும்பகுதி 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளை முன்னிட்டு உருவாக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே தொழிற்சாலைகளும் புகையிரதப் பாதையும் நின்று நகரையும் கடலையும் பிரித்தன. சொமொரோஸ்ட்ரோ என்னும் கடற்கரையில் 1966 வரை ஏழை மக்களின் குடிசைகள் நெருங்கியிருந்தன. புகழ்பெற்ற பிளமெங்கோ நடனமாது கார்மென் அமாயா அங்கு பிறந்தவர். பார்சலோனெத்தா கடற்கரையில் சன நெரிசல் மிகுதி. குழந்தைகளோடு செல்வோருக்கு நோவா இக்காரியா, பொகத்தெல் ஆகிய கரைகள் சற்று இலகுவானவை. பச்சைக் கொடி பறந்தால் நீந்தலாம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பாயின் காலையும் நனைக்க வேண்டாம். வடமராட்சியிலும் காங்கேசன்துறையிலும் கடலோடு வளர்ந்த பெற்றோர், தம் பிள்ளைகள் நகரசபை நீச்சற் தடாகத்தில் மட்டுமே பழகியவர்கள் என்பதை மறவாதிருத்தல் நன்று. கடற்கரையில் புகைத்தல் 2022 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

அடுத்து, திருடர் பற்றி. லா ரம்ப்ளா வீதி, மெற்றோ, கடற்கரை மணல் ஆகியன பொக்கற் அடிப்போரின் வேட்டைக் களங்கள். மற்றையோர் கடவுச்சீட்டைத் தொலைத்தால் தம் நாட்டுத் தூதரகத்தை நாடுவர். அகதியின் பயணப் பத்திரம் தொலைந்தால் அவன் எத்தூதரகத்தின் கதவைத் தட்டுவான்? ஆகவே அதனை உடையின் உட்புறத்தே வைத்திருங்கள். கடலில் இறங்கும்போது குடும்பத்தில் ஒருவர் கரையில் அமர்ந்திருக்கட்டும். பத்திரங்களின் படப்பிரதி வேறொரு பையில் இருக்கட்டும். களவு போனால் உடனே பொலிசில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அவசர அழைப்பு இலக்கம் பிரான்சிற் போலவே 112.

மெற்றோவுக்குப் பத்துப் பயணங்களுக்கான ‘தே-கசுவல்’ அட்டையை ஒருவர் மட்டுமே பாவிக்கலாம். குடும்பமாய்ச் செல்வோர் பலர் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய ‘தே-பமிலியார்’ அட்டையைக் கேட்டு வாங்கலாம். 1882இல் அடிக்கல் நாட்டப்பட்ட சக்ராதா பமிலியா தேவாலயத்துக்குச் செல்வோர் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையவழி பதிவுசெய்தல் அவசியம். அதனைச் சமைத்த சிற்பி கௌடி 1926இல் ட்ராம் வண்டியில் அடிபட்டபோது, எளிய உடை கண்டு பிச்சைக்காரர் என்றே பிறர் கருதினராம்.

மதிய உணவு இரண்டு மணியளவில்தான் சூடுபிடிக்கும்; இரவு உணவு ஒன்பதுக்குப் பின்பே. வேலை நாட்களில் மதியத்தில் ‘மெனு’ என்று கேட்டால் நியாய விலையில் முழுச் சாப்பாடு கிடைக்கும். சைவ உணவினர் எதிலும் பன்றியிறைச்சி உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். தக்காளி தேய்த்த பாணும், ‘எஸ்கலிவாதா’ எனப்படும் சுட்ட கத்தரிக்காயும் மிளகாயும் எமது நாவுக்கு அந்நியமல்ல. கத்தரிக்காயைச் சுட்டுச் சம்பல் அரைத்த அம்மாக்களின் நினைவு வந்தே தீரும்.

சூன் 23 இரவு, சான் ஜோவான் பெருநாளன்று நகரெங்கும் தீ மூட்டி, விடியும்வரை வெடி கொளுத்துவர். செப்டெம்பர் 24ஐ ஒட்டிய லா மெர்சே விழாவிலும் தீப்பொறிகளோடு ஊர்வலம் உண்டு. இளையோருக்கு அது பெருங் களிப்பு. எனினும் செல்லடியிலும் விமானக் குண்டிலும் உயிர் தப்பியவர்கள் எம்முள் பலர். அம்மம்மாவையோ அப்பப்பாவையோ அழைத்துச் செல்வோர் அந்நாட்களைத் தவிர்த்தல் நலம்.

அவ்வொலியை அந்நகரமும் அறியும். 1938 மார்ச் 16 முதல் 18 வரை வானிலிருந்து வீசப்பட்ட குண்டுகளால் அங்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். அவ்வாண்டு சனவரி 30இல் சான் பெலிப் நேரி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது குண்டு விழுந்து 42 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், இறந்தனர். அத்தேவாலயச் சுவரின் காயங்களை இன்றும் காணலாம். 1995ஆம் ஆண்டு நவாலித் தேவாலயத்தில் நிகழ்ந்ததை அறிந்த எமக்கு அச்சுவர் பேசும் மொழி விளங்கும். பொப்ளே-செக் பகுதியில், அயலவர் தம் கைகளாலேயே தோண்டிய பதுங்குகுழி ஒன்று 307 என்னும் இலக்கத்தோடு பேணப்படுகிறது. முன்பதிவு செய்து வழிகாட்டியோடு சென்று பார்க்கலாம். ‘பங்கர்’ என்று நாம் சொல்லும் கதைகளை நம்பாத பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள்.

அம்மக்களின் கதலான் மொழி, பிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டப்பட்டது. 1979க்குப் பின் மீண்டும் ஆட்சிமொழியாயிற்று. இன்று பாடசாலைகளில் அம்மொழியிலேயே கற்பிக்கிறார்கள். காலையில் ‘போன் டியா’ என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரரின் முகம் மலரும். நன்றி கூற அவர்களும் ‘மெர்சி’ என்பதுண்டு. பாரிஸ் தமிழருக்கு அது புதிய பாடமன்று.

அதே நகரில் 2024 சூலையில் மக்கள் ஊர்வலம் சென்று, உணவகங்களில் அமர்ந்திருந்த உல்லாசப் பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் நீர் தெளித்தனர். பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் வீடுகளால், உள்ளூரார் குடியிருக்க வீடின்றி வெளியேறுகின்றனர் என்பது அவர்களின் முறைப்பாடு. அவ்வகை வீடுகளின் அனுமதியை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக நகரசபை அறிவித்துள்ளது. ஆதலின் விடுதியில் தங்குங்கள். வீடு எடுப்பதாயின் அனுமதி இலக்கம் உள்ளதா என்று பாருங்கள். இரவில் படிக்கட்டில் உரத்துப் பேசாதீர்கள்.

சொந்த வீட்டை விட்டு வெளியேற நேர்வது எத்தகையது என்பதை எமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிறர் வீட்டு முற்றத்தில் எவ்வாறு அமர்வது என்பதையும் எமது முன்னோர் சொல்லித் தந்திருக்கிறார்கள். கடலில் நன்றாகக் குளியுங்கள், வயிறார உண்ணுங்கள், பிள்ளைகளோடு மகிழ்ந்து திரும்புங்கள். நல்ல விருந்தினர் வந்து போனார்கள் என்று அவ்வூரார் சொல்லட்டும்.