பிளாஸ்டிக் இல்லாத சமையலறையும் நமது கடைகளும்



அண்மைக் காலமாக நமது மளிகைக் கடைகளுக்கு வரும் தாய்மார்களில் சிலர், "பருப்பைக் கவரில் போட வேண்டாம், டப்பா கொண்டு வந்திருக்கிறேன்" என்கிறார்கள். பிளாஸ்டிக் உறை எதையும் வீட்டுக்குள் விடாமல் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். கூட்ட நேரத்தில் இது என்ன தொல்லை என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. "லூஸ் கிடையாதம்மா, பாக்கெட்தான்" என்று திருப்பி அனுப்புபவர்கள் அதைவிட அதிகம். இவ்வாறு திருப்பி அனுப்புவது நமது தொழிலுக்கு நாமே தேடிக்கொள்ளும் நஷ்டம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு குடும்பம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தன்னால் இயன்றது சிலவே. காய்கறிக்குப் பை எடுத்துப் போகலாம். மீனுக்கும் கறிக்கும் தூக்குச் சட்டி எடுத்துப் போகலாம். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எப்படி வரும் என்பதை மட்டும் அவர்கள் தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிப்பவர்கள் நாம்.

ஒரு வீட்டின் மாதச் சாமான் அரைக் கிலோ, கால் கிலோ உறைகளாக 25 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 உறைகள். இப்படி 200 வீடுகளுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு சிறு கடையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 60,000 உறைகள் குப்பைக்குப் போகின்றன. அதே பருப்பு 50 கிலோ மூட்டையில் வந்து சில்லறையாக விற்றால், நூறு அரைக் கிலோ உறைகளுக்குப் பதில் ஒரே ஒரு சாக்கு. அதுவும் குப்பைக்குப் போவதில்லை. சாக்கு வியாபாரி காசு கொடுத்து வாங்கிப் போகிறார்.

இது நமக்குப் புதிய வித்தை அல்ல. வாய் சுருட்டிய மூட்டைகளும், தராசும், காகிதப் பொட்டலமும், நூல் கண்டுமாகத்தான் நமது முன்னோர் வியாபாரம் செய்தார்கள். கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வந்தது. பாக்கெட் வந்த பிறகு எடை போடும் வேலை குறைந்தது உண்மைதான். ஆனால் விலையையும் லாப விகிதத்தையும் நிர்ணயிக்கும் உரிமையும் நம் கையை விட்டுப் போனது. அச்சடித்த விலையில் கம்பெனி விட்டுக்கொடுப்பதுதான் நமக்கு லாபம். அதே பாக்கெட்டைப் பெரிய அங்காடிகள் நம்மைவிடக் குறைத்து விற்கின்றன. பாக்கெட்டை மட்டும் நம்பி அவர்களோடு போட்டியிட சிறு வணிகரால் ஆகாது. நல்ல பருப்பைப் பார்த்து வாங்கி, கேட்ட அளவில், 50 கிராம் என்றாலும் நிறுத்துக் கொடுப்பது நம்மால் மட்டுமே முடியும்.

சட்டத்தின் போக்கையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. 31-12-2022 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக் நாடு முழுவதும் கூடாது என்றானது. கடையில் கேரி பேக் பிடிபட்டால் அபராதம் கட்டுவது நாம். கம்பெனி பாக்கெட்டோ அதே கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. இந்த மனக்குறை நியாயமானதே. ஆனால் குறை கூறிக்கொண்டிருப்பதைவிட, இதில் நமக்குள்ள வழியைப் பார்ப்பது நல்லது.

வரியும் அந்த வழியையே காட்டுகிறது. 18-7-2022 முதல், பொதியிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டி 25 கிலோ வரை விற்கும் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. வணிகர்கள் எதிர்த்தோம். வரிக்குத் தப்ப 26 கிலோ அரிசி மூட்டைகள் வந்த கதை நாம் அறிந்ததே. அதே அரிசி, பருப்பை மூட்டை பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் அந்த வரி இல்லை. டப்பாவோடு வரும் அம்மையாருக்கு விலையும் குறையும், நமக்கும் நஷ்டமில்லை.

எல்லாவற்றையும் அப்படி விற்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1998-ல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகே சமையல் எண்ணெயை அடைத்து, சீட்டு ஒட்டித்தான் விற்க வேண்டும் என்ற ஆணை வந்தது. மாநில அரசு விலக்கு அளித்தாலொழிய இன்றும் அதுவே விதி. ஆயினும் அடைப்பது பிளாஸ்டிக்கில்தான் என்று விதி சொல்லவில்லை. தகர டின்னும் கண்ணாடிப் பாட்டிலும் ஆகும். மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடியைத் திறந்து வைத்து விற்கக் கூடாது. முழு மிளகாயும் மல்லியும் கொடுத்தால், வெயிலில் காய வைத்து மில்லில் அரைத்துக்கொள்ள நமது தாய்மார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சமையல் உப்பில் அயோடின் இருந்தாக வேண்டும் என்பதால் உப்பை உறையிலேயே விட்டுவிடலாம். பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதை மட்டும் திரும்பக் கொண்டுவரக் கூடாது. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் 2018-ம் ஆண்டின் பொதியிடல் விதிகள் அதைத் தடுத்துள்ளன. அச்சடிக்காத பழுப்புக் காகிதமே சரி.

"லூஸ் சாமானில் வண்டு வரும், தூசி படும்" என்பார்கள். மூடியுள்ள டின்னில் வைத்து, கையால் அள்ளாமல் கரண்டியால் அள்ளி, பழைய சரக்கு தீர்ந்த பிறகே புதியதைக் கொட்டினால் அந்தக் குறை வராது. மலிவாகக் கிடைக்கிறதென்று பத்து மூட்டை அடுக்காமல், வாரம் ஒரு மூட்டையாக எடுக்க வேண்டும். மண்டிக்காரர்களாகிய நாமும் ஒற்றை மூட்டை கேட்டு வரும் சிறு கடைக்காரரை அலட்சியம் செய்யாமல் கொடுக்க வேண்டும்.

"நேரம் ஆகிறது" என்பது அடுத்த குறை. மதியம் 2 மணி முதல் 4 மணி வரை டப்பா கொண்டு வருவோருக்கு என்று ஒரு பலகை வைத்துவிடலாம். வெறும் டப்பாவின் எடையை ஒரு முறை பார்த்து மூடியில் எழுதிவிட்டால் அடுத்த மாதம் அந்த வேலையும் மிச்சம். டப்பாவின் எடையை வாடிக்கையாளர் கண் முன்னே கழித்துக் காட்ட வேண்டியது மிக முக்கியம். நிறுப்பதில் சிந்துவது, சேதாரம் ஆகியவற்றைக் கணக்கிட்டே விலை வைக்க வேண்டும். பிறகு எடையில் கை வைக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தடை நம்பிக்கைதான். மிளகில் பப்பாளி விதையும், துவரம்பருப்பில் கேசரிப் பருப்பும் கலந்த சிலரால்தான் லூஸ் சாமான் என்றாலே மட்டம் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை முதலாக வைத்தே பாக்கெட் கம்பெனிகள் வளர்ந்தன. இன்று படித்த குடும்பங்கள் தாமாகவே உறை வேண்டாம் என்று நம்மைத் தேடி வருகின்றன. இந்த முறையும் கலப்படம் செய்தால் அவர்கள் இனி ஒருபோதும் திரும்பி வரமாட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு கடையிலும் புழுங்கலரிசி, பச்சரிசி, துவரை, உளுந்து, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, மிளகாய், மல்லி, சீனி, வெல்லம் ஆகிய பத்து இனங்களையாவது சில்லறையாக வைப்போம். பழுப்புக் காகிதப் பைகளை நமது சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்து உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் வழங்க வேண்டும். எண்ணெய்க்குப் பாட்டிலைத் திரும்பப் பெறும் முறையைச் செக்கு உரிமையாளர்களோடு பேசி வகுக்க வேண்டும். வரும் பொதுக்குழுவில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவரும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.